தனபாலன் ஒரு குதிரைக்கும் பணம் கட்டியதில்லை

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். அச்சகத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகைக்குப் பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. தனபாலன் சாரின் மகள் கலைவாணி. "அங்கிள், அப்பா போயிட்டாரு. டிபன் சாப்பிட்டு நாற்காலியில உக்காந்தாரு, அவ்வளவுதான்" என்றாள். சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

ஆஸ்டின் டவுனில் எங்கள் அச்சகத்துக்கும் அவர் வீட்டுக்கும் நான்கு தெரு தூரம். முகத்தைப் பார்த்துவிட்டு, மாலை வாங்கிவர மார்க்கெட் பக்கம் போய்த் திரும்பினேன். அதற்குள் தெருமுனையில் பேனர் கட்டிவிட்டார்கள். அடையாள அட்டையில் இருந்த அவர் படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். படத்துக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் குதிரை, முன்னங்கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு. கீழே, 'எங்கள் நீண்டகால வாசகர் திரு. தனபாலன் அவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலி' என்று இருந்தது. அதற்கும் கீழே எங்கள் அச்சகம் போடும் ரேஸ் புத்தகத்தின் பெயர். பேனரை அண்ணாந்து பார்த்த ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "ரேஸ்ல ரொம்ப விட்டுட்டாரு போல, பாவம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அறியாதவர்களும் படித்தால் நல்லது. ஏனென்றால் அந்தப் பேனரைப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தனபாலன் சார் தம் வாழ்நாளில் ஒரு குதிரைக்கும் பணம் கட்டியதில்லை. இரண்டாவது, அவர் எங்கள் வாசகர் இல்லை. ரேஸ் நாளன்று காலையில் நீங்கள் பெட்டிக்கடையில் வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனீர்களே, அந்தப் புத்தகத்தில் நம்பத்தக்கதாக இருந்த ஒரே பக்கத்தை எழுதியவர் அவர். 'புரொபசர் தரும் டிரெயினர் அட்டவணை' என்று தலைப்பிட்ட பக்கம். புரொபசர் என்று யாரும் கிடையாது. எங்கள் அச்சக முதலாளி வைத்த பெயர் அது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் அவர் அச்சகத்துக்கு வந்தார். மின்சார சுவிட்சு செய்யும் ஒரு தொழிற்சாலையில் சரக்கைச் சோதித்துப் பார்க்கும் பிரிவில் வேலை. காக்கிச் சட்டையோடு வந்து, எங்கள் புத்தகத்தை மேசைமேல் வைத்து, "இதுல யாருங்க பிழை பாக்கறது?" என்றார். நான்தான் என்றேன். "எழுத்துல ஒரு பிழைகூட இல்ல. நல்லா பாக்கறீங்க. ஆனா எண்ணு எல்லாம் பொய்" என்றார். உண்மைதான். எந்த டிரெயினருக்கு எத்தனை வெற்றி என்பதை முதலாளி வாயால் சொல்வார், நான் அடிப்பேன். அவருக்கு எது ஞாபகம் வருகிறதோ அதுதான் கணக்கு. தனபாலன் சார் பையிலிருந்து நீளநோட்டு ஒன்றை எடுத்தார். பல வருடத்து ரேஸ் முடிவுகள், ஓடிய ஒவ்வொரு குதிரையும், அதைத் தயார் செய்த டிரெயினரும், பொடி எழுத்தில். ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து செய்தாராம்.

ரேஸ் ஆடாதவருக்கு இது எதற்கு என்று கேட்டேன். "எங்க செக்‌ஷன்ல பாதி பேரு சம்பளம் வாங்கினு நேரா அங்கதான் போறாங்க. ஆடாதீங்கன்னு சொன்னா எவன் கேக்கறான்? சரி, ஏன் தோக்கறாங்கன்னாவது பாக்கலாம்னு ஆரம்பிச்சேன்" என்றார். அவர் பார்த்ததில் தெரிந்தது இது: எல்லாரும் குதிரையைப் பார்த்துக் கட்டுகிறார்கள், அல்லது ஜாக்கியின் பெயரைப் பார்த்துக் கட்டுகிறார்கள். குதிரைக்குத் தீனி போட்டு, ஓய்வு கொடுத்து, எந்த ரேசில் இறக்குவது என்று முடிவு செய்கிற மனிதனை யாரும் பார்ப்பதில்லை. "ஒரு சுவிட்ச் கெட்டுப்போனா அதையே கையில வெச்சினு உத்து உத்துப் பாத்தா என்னங்க தெரியும்? எந்த செக்‌ஷன்ல இருந்து வந்துச்சு, லீவு முடிஞ்ச மறுநாள் செஞ்சதா, புது ஆளு செஞ்சதா, அதைத்தான் கேக்கணும். குதிரையும் அப்படித்தான்."

அதிகம் ஜெயிக்கிற டிரெயினர் யார் என்று பட்டியல் போட்டால் போதுமே என்று முதலாளி சொன்னார். தனபாலன் சார் விடவில்லை. "அது ஊருக்கே தெரியும் சார். ஊருக்கே தெரிஞ்சதுல கட்டினா கைக்கு ஒண்ணும் வராது. யாரு ஜெயிக்கிறாங்கன்னு கேக்காதீங்க. எப்ப ஜெயிக்கிறாங்கன்னு கேளுங்க" என்றார். ஒரு டிரெயினரின் குதிரைகள் நீண்ட ஓய்வுக்குப் பிறகு வந்த முதல் ஓட்டத்திலேயே ஜெயிக்கும். இன்னொருவருடையவை இரண்டு ஓட்டம் சும்மா ஓடிவிட்டு மூன்றாவதில் பாயும். மற்றொருவர் தூரத்தை மாற்றி இறக்கினால் கவனிக்க வேண்டும். இப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு பழக்கம். அந்தப் பழக்கத்தை எண்ணிச் சொல்வதுதான் அவருடைய அட்டவணை. முதலாளி அதை வாங்கி வைத்துக்கொண்டு புரொபசர் என்று தலைப்புக் கொடுத்தார். பதிலுக்கு அவருக்கு என்ன கொடுத்தார் என்பதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அவருடைய கண்டிப்பு எங்களுக்குத் தொல்லையாக இருந்தது. முப்பது ஓட்டமாவது பார்க்காமல் எந்த டிரெயினரைப் பற்றியும் எழுத மாட்டார். புதிதாக வந்த ஒருவர் ஆறு ஓட்டத்தில் ஐந்தில் ஜெயித்துவிட்டார் என்று ஊரே பேசியது. இதை அட்டையிலேயே பெரிய தலைப்பாகப் போடுவோம் என்று முதலாளி குதித்தார். "ஆறுல அஞ்சுன்றது ஒரு நல்ல வாரம் சார். பழக்கம் இல்ல" என்று சொல்லிவிட்டுத் தம் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அந்த வாரம் அட்டவணை இல்லாமலே புத்தகம் வந்தது. நீங்களே ஒரு தடவை கட்டிப் பார்க்கக் கூடாதா என்று இன்னொரு நாள் கேட்டேன். "கட்டினா எனக்கு ஒரு குதிரை ஜெயிக்கணும்னு ஆசை வந்துடும். ஆசை வந்துட்டா எண்ணறது ஒழுங்கா வராது" என்றார்.

அவரும் தவறு செய்தார். அதை மறைத்தால் அவரே கோபித்துக்கொள்வார். நீண்ட ஓய்வுக்குப் பிறகு ஜெயிக்கும் குதிரைகள் என்று சொன்னேனே, அந்த டிரெயினருடைய குதிரைகள் ஒரு பருவத்தில் திடீரென்று வரிசையாகத் தோற்றன. அட்டவணையை நம்பிக் கட்டியவர்கள் அச்சகத்து வாசலில் வந்து கத்தினார்கள். தனபாலன் சார் நோட்டை முதலிலிருந்து எண்ணினார். எண்ணிக்கையில் தவறில்லை. பிறகு தொழிற்சாலைக்கு மூன்று நாள் லீவு போட்டுவிட்டு, குதிரை லாயங்களுக்குப் பக்கத்தில் இருந்த டீக்கடையில் போய்க் காலைநேரத்தில் உட்கார்ந்தார். குதிரை பார்த்துக்கொள்ளும் சாயிஸ்கள் டீ குடிக்க வரும் இடம். மூன்றாம் நாள் விஷயம் கிடைத்தது. அந்த லாயத்தில் சாயிஸ்களுக்கெல்லாம் மேலாக இருந்த ஜமேதார், மனஸ்தாபத்தில் வேலையை விட்டு வேறொரு லாயத்துக்குப் போயிருந்தார். ஓய்வில் இருந்த குதிரையை எப்போது நடக்கவிடுவது, எப்போது ஓடவிடுவது என்பதெல்லாம் அவர் கையில்தான் இருந்திருக்கிறது. டிரெயினர் கையெழுத்துப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். நோட்டைப் பிரித்துப் பார்த்தால், ஜமேதார் போய்ச் சேர்ந்த லாயத்தின் குதிரைகள் அந்தப் பருவத்தில் ஓய்வு முடிந்து வந்ததும் ஜெயிக்கத் தொடங்கியிருந்தன.

"பேரு ஒருத்தரோடது, வேலை ஒருத்தரோடது. நான் பேரைப் படிச்சு ஏமாந்துட்டேன். தப்பு என்னோடதுதான், அதை புக்குல போடுங்க" என்றார். முதலாளி சிரித்துவிட்டார். "தப்புன்னு ஒத்துக்கினா நாளைக்கு எவன்யா காசு குடுத்து வாங்குவான்?" தனபாலன் சார் கிளம்பிப் போனார். அடுத்த ரேஸ் நாள், கார்பன் தாள் வைத்துக் கையால் எழுதிய துண்டுச்சீட்டுகளோடு வந்து, கட்டி வைத்திருந்த புத்தகங்களை அவிழ்த்து ஒவ்வொன்றிலும் செருகிக்கொண்டிருந்தார். 'நாங்கள் ஒரு டிரெயினருக்குக் கொடுத்த பெருமை அவருடையதல்ல. அவர் லாயத்தில் வேலை பார்த்த ஜமேதாருடையது. அந்த ஜமேதார் இப்போது வேறு லாயத்தில் இருக்கிறார். நம்பிக் கட்டியவர்கள் மன்னிக்க வேண்டும்.' கீழே 'புரொபசர்' என்று எழுதியிருந்தார். தன் பெயரைப் போட்டால் யாருக்கும் புரியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பாதிப் புத்தகங்களுக்கு மேல் செருகுவதற்குள் முதலாளி வந்து நிறுத்திவிட்டார். ரேஸ் புத்தகம் ஒன்று தன் வாசகர்களிடம் மன்னிப்புக் கேட்டதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் அட்டவணையில் புதிதாக ஒரு பத்தி இருந்தது. ஒவ்வொரு டிரெயினருக்கும் பக்கத்தில் அவருடைய ஜமேதாரின் பெயர். அதற்காக எத்தனை காலை டீக்கடையில் உட்கார்ந்திருந்தாரோ! "ஜமேதார் பேரெல்லாம் எவனுக்கு வேணும்? டிரெயினருங்க கோச்சிப்பாங்க. தூக்கு" என்றார் முதலாளி. கம்ப்யூட்டரில் அந்தப் பத்தியைத் தேர்ந்து நான் அழித்தேன். தனபாலன் சார் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "அந்த ஆளு விடியறதுக்கு முன்ன எழுந்து ஒவ்வொரு குதிரை காலையும் தடவிப் பாக்கறான். அவன் பேரை நீங்க ஒரு விரல்ல எடுத்துட்டீங்க முருகேசு" என்றார். அவர் குரலில் கோபத்தை நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் நீண்டகால வாசகர் என்று போட்டிருந்தார்கள். உடம்பை எடுத்த பிறகு, முதலாளியைத் தெருவோரம் நிறுத்திக் கேட்டேன். இத்தனை வருடத்தில் அவரிடம் குரல் உயர்த்தியது அன்றுதான். "வாசகரா சார் அவரு? பதினோரு வருஷம் எழுதினவரு சார்!"

முதலாளி பதறவில்லை. "இன்னாய்யா கத்தற? வேற இன்னான்னு போடறது? வாரா வாரம் கடையில காசு குடுத்து புக்கு வாங்கினாரா இல்லியா?" என்றார். வாங்கினார்தான். நான் எங்கே எண்ணைத் தப்பாக அடித்திருக்கிறேன் என்று பார்ப்பதற்காக வாங்கினார். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர், "சரி, அவரு பேரைப் போடணும்னு நீ ஒரு நாளாவது எங்கிட்ட வந்து கேட்டிருக்கியா?" என்றார்.

கேட்டதில்லை. இத்தனை ஆத்திரத்தோடு எழுதிக்கொண்டு வருகிறவன் இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் நானும் பேனர் கட்டியவனும் ஒன்றுதான். எனவே சொல்கிறேன். தனபாலன் சார் ஒரே ஒரு முறை என்னிடம் கேட்டார். ஒரு திங்கட்கிழமை. "முருகேசு, அட்டவணைக்குக் கீழ சின்ன எழுத்துல என் பேரைப் போட முடியுமா? தயாரிச்சவர் தனபாலன்னு. ஒரே ஒரு வாரம் போதும்." முதலாளியைக் கேட்க வேண்டும் என்றேன். "கேளுங்க, ஸ்வல்ப சீக்கிரமா கேளுங்க" என்றார். நான் கேட்கவில்லை. வியாழக்கிழமை வந்து நின்றபோது, "இடம் இல்ல சார்" என்றேன். அச்சகத்துக்காரன் சொன்னால் வெளியாள் மறுத்துப் பேச முடியாத பொய் அது. அந்த வாரம் அதே பக்கத்தின் அடியில், இடத்தை நிரப்புவதற்காக ஒரு லாடத்தின் படத்தைப் போட்டிருந்தேன். புத்தகம் வந்ததும் அவர் அந்த லாடத்தைப் பார்த்திருப்பார். ஒன்றும் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை? முதலாளிக்குப் பயந்தேன் என்று எழுதிவிடலாம். அது பாதிதான். புத்தகம் அச்சாகும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறவன் என்பதால், தெருமுனை டீக்கடையில் என்னைத்தான் புரொபசர் என்று நினைத்திருந்தார்கள். "புரொபசர் வராரு, டீ போடு" என்பார்கள். சனிக்கிழமைகளில் நாலு பேர் என்னைச் சுற்றி நின்று வாயைப் பார்ப்பார்கள். நான் இல்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. தனபாலன் என்று கீழே ஒரு பெயர் வந்துவிட்டால் அந்த டீ எனக்குக் கிடைக்காது. இவ்வளவு அற்பமான காரணம்தான். இதற்குமேல் ஒன்றும் இல்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். சாப்பிட்டவர்கள் கிளம்பிய பிறகு, கலைவாணியிடம் அந்த நோட்டுகளில் ஒன்றை ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவளுக்கு இப்போது எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை, கல்யாணமாகி ஒரு குழந்தை. எதிரில் வந்து உட்கார்ந்தாள். "அங்கிள், எனக்கு முதல்ல அத்திபெலேல இருந்து ஒரு வரன் வந்துச்சே, உங்களுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியாது என்றேன்.

"எல்லாம் பேசி முடிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. அதுக்குள்ள யாரோ அவங்ககிட்ட பொண்ணோட அப்பா ரேஸ் ஆடுறவருன்னு சொல்லிட்டாங்க. அவங்க விசாரிக்க வர்றாங்கன்னு தெரிஞ்சதும் அப்பா சொன்னாரு, நான் ஆடுறவன் இல்ல, எழுதறவன், புக்குலயே பேரு வரப் போவுது, காட்டிடலாம்னு. அந்த வாரம் பேரு வரல. ஆனாலும் அப்பா அந்த புக்கை எடுத்துக் காட்டினாரு அங்கிள். இது நான் செஞ்சதுன்னாரு. மாப்பிள்ளையோட பெரியப்பா வாங்கிப் பிரட்டிப் பாத்துட்டு, இதுல உங்க பேரு எங்கங்க இருக்குன்னு கேட்டாரு. அப்பா இல்லைன்னாரு. அவரு சிரிச்சுட்டு, கையில ரேஸ் புக்கை வெச்சினு ஆடலைன்னு சொல்றீங்களேன்னாரு. அப்புறம் அப்பா வாயே தொறக்கல."

"அதனால கல்யாணம் நின்னுச்சுன்னு நான் சொல்லல. அது நின்னதுல எனக்கு வருத்தமும் இல்ல. ஆனா அப்பா அன்னைக்கு உக்காந்திருந்தது இன்னும் கண்ணுல நிக்குது" என்றாள். அவர் திங்கட்கிழமை வந்து கேட்டதையும், வியாழக்கிழமை நான் சொன்னதையும் அவளிடம் சொன்னேன். தலையாட்டினாள். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. அவர் வீட்டில் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகும் வாராவாரம் என் மேசைக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என்னோடு எண்களைச் சரிபார்த்துவிட்டுப் போயிருக்கிறார். எத்தனை வருடம்! ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியும்.

உள் அறையில், மூடியில்லாத ஒரு தகரப் பெட்டியில் நீளநோட்டுகள் அடுக்கியிருந்தது எனக்குத் தெரிந்தது. என் பார்வை போன இடத்தை அவளும் பார்த்தாள். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"வேற எது வேணும்னாலும் எடுத்துக்கோங்க அங்கிள். அப்பாவோட பேனா இருக்கு, கண்ணாடி இருக்கு. நோட்டை மட்டும் கேக்காதீங்க. அதையும் வேற யார் பேர்லயாவது அடிச்சிடுவீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள். பேனாவையும் கண்ணாடியையும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவற்றைத் தொட எனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது.

ஆகவே தனபாலன் சாருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை, அவர் கையெழுத்தில் ஒரு வரிகூட இல்லை. அவரிடமிருந்து எனக்கென்று வந்து சேர்ந்தது அவர் மகள் சொன்ன அந்த வாக்கியம் ஒன்றுதான். அதைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். வாழ்நாளில் பாதியைப் பிழை பார்த்தே கழித்தவன் நான். அதைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்துவிட்டேன். திருத்துவதற்கு அதில் ஒன்றும் இல்லை.